முன்விதி, முன்முடிவு, ஊகம்: விசாரிக்கும் முன்னே வந்துவிடும் சொற்கள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, குமுளி, மூணாறு, மறையூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குச் செய்தி இரண்டு மொழிகளில் வந்து சேர்கிறது. கையில் மலையாள நாளிதழ், எதிரே தமிழ்த் தொலைக்காட்சி. கைது, மழை எச்சரிக்கை, செக் வழக்கு என எதுவானாலும் உண்மை தெரியவரும் முன்பே ஒரு கருத்து உருவாகிவிடுகிறது. அப்படி முந்திக்கொண்டு வரும் கருத்துக்கு இரு மொழிகளிலும் சொற்கள் ஏராளம். பல சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், பொருள் வேறாக இருக்கும். தமிழுக்குள்ளேயே ஊகம், அனுமானம், முன்முடிவு, பாரபட்சம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போடுகிறோம். விளைவு சொல்லோடு நிற்பதில்லை: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி ஆகிவிடுகிறார், வானிலை எச்சரிக்கை ஜோசியம் ஆகிவிடுகிறது.

எதை வைத்துப் பிரிப்பது?

முன்கூட்டி நினைப்பதே தவறு என்பது சரியல்ல. கருமேகம் கண்டதும் களத்தில் காயும் மிளகை அள்ளுவதும் முன்கூட்டி நினைப்பதுதான். நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்க மூன்று கேள்விகள் போதும்.

1. பிடிமானம் என்ன? கண்ட ஓர் அடையாளமா, பழைய அனுபவமா, யாரோ சொன்னதா?
2. எது தெரியவந்தால் இந்தக் கருத்தைக் கைவிடுவோம்? இதற்குப் பதிலே இல்லை என்றால் அது முடிவாகிவிட்டது என்று பொருள்.
3. கருத்து தப்பானால் நஷ்டம் யாருக்கு? நினைத்தவருக்கா, நினைக்கப்பட்டவருக்கா?

பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள் என்ற பழமொழியை இந்த மூன்றிலும் வைத்துப் பார்க்கலாம். கள்ளுக்குப் பேர்போன சித்தூர்ப் பக்கம், மரத்தடியில் ஒருவர் வெள்ளையாக ஏதோ குடிக்கிறார். கள்ளாக இருக்கும் என்று தோன்றுவதில் பிழை இல்லை. இடமும் நிறமும் பிடிமானம் தருகின்றன. அது ஊகம். கிட்டே போனால் வாசனையே சொல்லிவிடும். போகாமலேயே ஊருக்குள் வந்து ‘அவன் குடிகாரன்’ என்று சொன்னால் அதே எண்ணம் முன்முடிவு ஆகிறது. எண்ணத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சோதிக்கும் வழியை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

சொற்கள் ஒவ்வொன்றாக

1. ஊகம். பேச்சில் யூகம். பிடிமானம் குறைவு, சொல்பவருக்கே அது தெரியும். ‘இருக்கும்’, ‘போல’ என்ற வால் ஒட்டியிருக்கும் வரை கெடுதல் இல்லை. செய்தி கைமாறும்போது முதலில் உதிர்வது அந்த வால்தான். மலையாள ‘ஊஹ’த்துக்கும் இதே பொருள். அது ‘ஊஹாபோஹம்’ என்று நீண்டால் ஆதாரமில்லாத பேச்சு. நம் வதந்திக்கு நெருக்கம்.

2. அனுமானம். கண்ட அடையாளத்திலிருந்து காணாததை அறிவது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதில், ‘புகை இருந்தால் நெருப்பு இருக்கும்’ என்ற இணைப்பு நடுவே நிற்கிறது. அந்த இணைப்பை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் அனுமானம், முடியாவிட்டால் ஊகம்.

3. கருதுகோள். சோதிப்பதற்கென்றே முன்கூட்டி வைக்கும் கருத்து. இந்தியாவில் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, எதை அளக்கப்போகிறோம் என்று எழுதிவைத்துவிட வேண்டும். முடிவு வந்தபின் வசதிக்கேற்ப இலக்கை நகர்த்த வழியில்லை. முன்கூட்டி நினைத்ததை முன்கூட்டியே எழுதிவைப்பது இங்கே நேர்மைக்கான காவல்.

4. முன்கணிப்பு. வரப்போவதை அளவோடும் வாய்ப்போடும் சொல்வது. மழையைப் பற்றிய பகுதியில் விரிவாக.

5. முன்முடிவு. விசாரணைக்கு முன்பே முடிந்துபோன கருத்து. இதன் அடையாளம் ஒன்று உண்டு: எதிரான சான்று வந்தாலும் அதையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும். ஒருவர் பேசாமல் இருந்தால் ‘குற்ற உணர்ச்சி’, பேசினால் ‘நடிப்பு’. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரே பதில் வருகிறதென்றால் அங்கே விசாரணை நடக்கவில்லை.

6. பாரபட்சம், ஒருதலைப்பட்சம். முன்முடிவு காலத்தைப் பற்றியது. இவை பக்கத்தைப் பற்றியவை. யார் பக்கமும் சாயாதவரிடமும் முன்முடிவு இருக்கலாம். தீர விசாரித்துவிட்டுத் தன் ஆளுக்குச் சாதகமாகத் தீர்ப்பதும் உண்டு. சட்டம் இதில் கறார். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப்பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்த வாரியத்தில் இருந்த ஓர் அதிகாரி, தானும் அந்தத் தேர்வில் போட்டியாளர். தன் பெயர் வந்தபோது அவர் கலந்துகொள்ளவில்லை. மற்ற போட்டியாளர்களின் பெயர்களைப் பரிசீலித்தபோது உட்கார்ந்திருந்தார். 1969இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. அவர் உண்மையில் சாய்ந்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை, சாய நியாயமான வாய்ப்பு இருந்தாலே போதும் என்பதுதான் அங்கே நின்ற அளவு.

7. தப்பெண்ணம். ஆளைப் பாராமல் கூட்டத்தைப் பார்த்து வரும் முன்முடிவு. எல்லையில் வண்டியின் நம்பர் பிளேட்டே போதும்: வாளையாறுக்கு மேற்கே ‘டிஎன்’, கிழக்கே ‘கேஎல்’. தமிழரை ஏளனமாகச் சுட்டும் ‘பாண்டி’ என்ற ஒற்றைச் சொல்லும், ‘மலையாளத்தான்’ என்று இங்கிருந்து போகும் பதிலும் இந்த வகை. பிடிமானம் பூஜ்யம், சுமை முழுவதும் எதிராளிக்கு.

‘தேராது தெளிதல்’

இந்த வகைப்பாடு வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில், சேரர் தலைநகர் வஞ்சியில் சமயவாதிகளின் வாதங்களை மணிமேகலை கேட்கிறாள். அங்கே அனுமானம் மூன்றாகப் பிரிக்கப்படுகிறது. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் என்பது ‘முதல்’. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது ‘எச்சம்’. காட்டில் பிளிறல் கேட்டு யானை இருக்கிறது என்பது ‘பொது’. மூணாறுத் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கு மூன்றாவதை விளக்க வேண்டியதில்லை.

அறிவில் நேரும் குற்றங்களும் அங்கே எட்டாக வருகின்றன. ஐயம் என்பது கட்டையா மனிதனா என்று முடிவு செய்ய முடியாத நிலை. அடுத்து வருவது ‘தேராது தெளிதல்’: வெட்டவெளியில் நிற்கும் கட்டையை, ஆராயாமலே மனிதன் என்று உறுதி செய்துவிடுவது. நாம் இன்று முன்முடிவு என்பதற்கு இதைவிடத் துல்லியமான பெயர் கிடைக்காது. ஐயமும் குற்றப் பட்டியலில்தான் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்’ என்று நிற்பவர் முன்முடிவுக்காரரைவிட ஒரு படி மேல் என்று அந்தக் கணக்கு ஒத்துக்கொள்வதில்லை.

எல்லையில் வழுக்கும் ஆறு சொற்கள்

எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள், பொருளில் அயலார். செய்தியைத் தவறாகப் படிக்கவைப்பவை பெரும்பாலும் இவைதான்.

1. விதி. தமிழில் தலையெழுத்து, அல்லது சட்டவிதி. மலையாளத்தில் கோடதி (கோர்ட்) சொல்லும் தீர்ப்பும் விதிதான். ‘விதி வந்நு’ என்றால் தீர்ப்பு வந்துவிட்டது. ஆகவே ‘முன்விதி’ என்றால் தீர்ப்புக்கு முந்திய தீர்ப்பு, நம் முன்முடிவு. முற்பிறவி விவகாரம் எதுவும் அதில் இல்லை. ‘முன்தாரண’ இதைவிட மென்மை: முன்பே மனத்தில் படிந்த எண்ணம், திருத்த இடமுண்டு.

2. பிரதி. தமிழில் நகல். மலையாளத்தில் குற்றம் சாட்டப்பட்டவர். ‘ஒந்நாம் பிரதி’ என்பது பழைய கோர்ட்டுத் தமிழில் முதல் எதிரி. இதை ‘முதல் குற்றவாளி’ என்று தமிழாக்கிப் பகிர்பவர் ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறார். தமிழ்நாட்டுச் செய்திகளிலும் இந்த வழக்கம் இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

3. விசாரண. தமிழில் போலீஸ் நிலையத்தில் கூப்பிட்டுக் கேட்பதும் விசாரணை, கோர்ட்டில் சாட்சிகளைக் கேட்பதும் விசாரணை. மலையாளத்தில் போலீஸ் செய்வது அன்வேஷணம். ‘விசாரண’ கோர்ட்டில் நடப்பது. ‘விசாரண துடங்ஙி’ என்று வந்தால் வழக்கு வெகுதூரம் போய்விட்டது, சாட்சிகள் கூண்டேறும் கட்டம்.

4. குற்றபத்ரம். குற்றப்பத்திரிகை. போலீஸின் கூற்று மட்டும். காத்திருக்க வேண்டிய வாசகம் ‘குற்றக்காரனெந்நு கண்டெத்தி’ என்பது. குற்றவாளி என்று கோர்ட் கண்டதற்கு அதுதான் அடையாளம்.

5. முன்னறியிப்பு. தமிழில் வானிலை முன்னறிவிப்பு என்றால் நாளை எப்படி என்ற சாதாரணத் தகவல். கேரளத்தில் ‘மழ முன்னறியிப்பு’ எச்சரிக்கை. தமிழ்க் காதுக்கு அது வீரியம் குறைந்து விழுகிறது.

6. பிரவசனம். நமக்குக் கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு. அங்கே முன்கணிப்பு, ‘காலாவஸ்தா பிரவசனம்’ என்பது வானிலைக் கணிப்பு.

சட்டமே முன்கூட்டி நினைக்கும் இடங்கள்

நீதிமன்றம் எதையும் முன்கூட்டி நினைக்காது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் சாட்சியச் சட்டம் அதற்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தவை, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கின்றன. இவற்றைச் சட்டத் தமிழில் அனுமானம் என்கிறார்கள், சிலர் ஊகம் என்கிறார்கள்.

முதல் படி: நீதிமன்றம் அனுமானிக்கலாம். பிரிவு 119. திருட்டு நடந்த சில நாளில் பொருள் ஒருவர் கையில் இருக்கிறது. எப்படி வந்தது என்று அவர் விளக்கவில்லை. அவர் திருடியவர், அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று நீதிபதி கருத இடமுண்டு. கட்டாயமில்லை. பழைய பொருள் வாங்கி விற்கும் கடைக்காரர்கள் பில்லும் விற்றவரின் அடையாளச் சான்றும் வைத்துக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

இரண்டாம் படி: அனுமானித்தே ஆக வேண்டும், மறுப்பு நிரூபிக்கப்படும் வரை. எல்லைப் பகுதியில் ஆட்களை அதிகம் சிக்கவைப்பது இது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 139ஆம் பிரிவின்படி, செக்கில் இருப்பது தன் கையெழுத்து என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் தொடங்கும். கேரளத்தில் ‘பிளேடு’ என்று அழைக்கப்படும் கந்துவட்டிக்காரர்கள் கையெழுத்திட்ட வெற்றுச் செக் கேட்பது சும்மா இல்லை. மனமொப்பிக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நடைமுறை இப்படிப் போகும்:

1. செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும்.
2. பணமில்லை என்று திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள், பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
3. நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம்.
4. கட்டாவிட்டால், அந்த 15 நாள் முடிந்த ஒரு மாதத்துக்குள் வழக்கு.

பிழை நேர்வது மூன்றாவது கட்டத்தில். ‘கடனே இல்லை, எதற்குப் பதில்?’ என்று நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு செக் வழக்கில், நோட்டீஸுக்குப் பதில் தராததே செக் கொடுத்த எதிரிக்குப் பாதகமாக நின்றது. அதே தீர்ப்பு வழியையும் காட்டுகிறது: அனுமானத்தை முறிக்கச் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை, ‘கடன் இல்லை என்பதே கூடுதலாக நம்பத் தகுந்தது’ என்ற அளவுக்குக் காட்டினால் போதும். பணம் திருப்பிக் கட்டிய வங்கி விவரம், செக்கைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதம், அவ்வளவு தொகை கடன் கொடுக்க அவரிடம் வசதி இருந்ததா என்று குறுக்கு விசாரணையில் எழுப்பும் கேள்வி ஆகியவை இதற்கு உதவும். எதிரி கூண்டேறியே ஆக வேண்டும் என்பதில்லை. வழக்குத் தொடுத்தவரின் ஆவணங்களிலிருந்தே காட்டலாம்.

ஏழாண்டு காணாமல் போனவர் பற்றிய பிரிவு 111உம் இதே குடும்பம். வழக்கமாகத் தகவல் வந்திருக்க வேண்டியவர்களுக்கு 7 ஆண்டுகளாக எதுவும் வரவில்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். குடும்பங்கள் தவறவிடும் நுணுக்கம்: அவர் இறந்துவிட்டார் என்பது மட்டுமே கருதப்படுகிறது. எந்த நாளில் என்பது கருதப்படுவதில்லை. காப்பீட்டுப் பாலிசி இடையில் காலாவதியாகியிருந்தால் தகராறு அந்தத் தேதியில்தான் வரும்.

மூன்றாம் படி: முடிவான சான்று. மணவாழ்வு நிலவும்போதோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாளுக்குள்ளோ பிறந்த குழந்தை சட்டப்படியானது (பிரிவு 116). கணவன் மனைவி கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால் தவிர இதை அசைக்க முடியாது. இங்கே சட்டம் வேண்டுமென்றே கதவைச் சாத்துகிறது, குழந்தையின் மேல் சுமை விழக் கூடாது என்பதற்காக. ‘நஷ்டம் யாருக்கு?’ என்ற மூன்றாவது கேள்வியின் வேலை இது.

வக்கீல் நோட்டீஸில் வரும் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்பதைப் பாரபட்சமின்றி என்று சிலர் படிக்கிறார்கள். அதற்கும் நடுநிலைக்கும் சம்பந்தமில்லை. ‘இதைச் சொல்வதால் என் மற்ற உரிமைகளுக்குப் பாதகம் வரக் கூடாது’ என்பதே பொருள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு

முன்கணிப்பை முன்முடிவாகப் படிப்பதற்கு மழைக்காலமே நல்ல உதாரணம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. கேரள அறிவிப்புகளில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் பெரும்பாலும் இதே வரிசையில் வரும். நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை.

தவறு நேரும் இடம், மாவட்டம் என்ற அலகு. இடுக்கிக்கு ஆரஞ்சு என்றால் மாவட்டத்தில் எங்காவது அந்த அளவு மழை விழ வாய்ப்பு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மூணாறு நனைந்து ஊறும்போது, அதே மாவட்டத்து மறையூர் மழை மறைவுப் பகுதியில் காய்ந்து கிடக்கலாம். நாலு முறை ஆரஞ்சு வந்தும் மறையூரில் தூறல்கூட இல்லை என்றால், ‘இவங்க சும்மா சொல்றாங்க’ என்ற எண்ணம் உறைந்துவிடுகிறது. ஐந்தாவது எச்சரிக்கைக்கு மலைச்சரிவு வீட்டைவிட்டு யாரும் இறங்குவதில்லை. நிறம் செயலுக்கான குறி: மஞ்சளுக்குக் கவனித்திருங்கள், ஆரஞ்சுக்குத் தயாராகுங்கள், சிவப்புக்கு இப்போதே செய்யுங்கள். மழை வராமல் போனால் நஷ்டம் ஒரு ராத்திரி முகாமில் படுத்தது. வந்தால் நஷ்டம் வேறு. வாய்ப்பு குறைவாக இருந்தும் எச்சரிப்பது அந்தக் கணக்கில்தான்.

ஒரு தலைப்பைப் பிரித்துப் படித்தல்

இப்படி ஒரு மலையாளத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம்: ‘மோஷணக் கேஸ்: மூந்நாம் பிரதிக்கு முன்கூர் ஜாம்யம், விசாரண உடன்.’ அவசரத் தமிழில் இது ‘திருட்டு வழக்கு: மூன்றாம் குற்றவாளிக்கு முன்ஜாமீன், விரைவில் விசாரணை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும்.

1. மூந்நாம் பிரதி: மூன்றாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். எண் வரிசை மட்டும். குற்றத்தின் அளவை அது சொல்லாது.
2. முன்கூர் ஜாம்யம்: கைதுக்கு முன்பே கிடைக்கும் ஜாமீன், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 482. கைதாவோம் என்ற வெறும் பயம் இதற்குப் போதாது, நியாயமான காரணங்களோடு கூடிய நம்பிக்கை வேண்டும் என்று 1980இலேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்தது. கிடைத்ததால் நிரபராதி என்றோ, கேட்டதால் திருடன் என்றோ ஆகாது.
3. விசாரண உடன்: கோர்ட்டில் சாட்சி விசாரணை தொடங்கப்போகிறது. போலீஸ் மறுபடி கூப்பிடுகிறது என்று படித்தால் வழக்கின் கட்டமே தலைகீழாகிவிடும்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, குற்ற வழக்கு ‘நிலுவையில்’ இருப்பதாகக் கொள்வது குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, அல்லது கோர்ட் சம்மனோ வாரண்டோ பிறப்பித்த பிறகு. கைதுக்கும் அதற்கும் நடுவிலான நாட்களில்தான் ஊடக விசாரணை உச்சத்தில் இருக்கும். நிலுவைக் காலத்தைக் கைதிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சட்ட ஆணையம் 2006இல் தன் 200ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்த நாட்களில் வரும் செய்தியை மொழிபெயர்த்துப் பகிர்பவர் ‘பிரதி’யைக் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றே எழுத வேண்டும். சொல் நீளம்தான், தலைப்பில் இடம் இடிக்கும். இடிக்கிறதென்றால் ‘எதிரி’ என்று போடலாம். கோர்ட்டுக் காகிதத்தில் காலங்காலமாக இருக்கும் சொல் அது.